அடிமைக்கும் ஒரு வரிசை: சீட்டுக்கட்டின் விரிவுகள் குறித்துச் சில குறிப்புகள்

மொகலாயர் ஆடிய கஞ்சீபாச் சீட்டில் அடிமைகளுக்கென்று ஒரு தனி வரிசை இருந்தது. ‘குலாம்’ என்று பெயர். மொத்தம் 8 வரிசை, வரிசைக்கு 12 சீட்டு, ஆக 96. கிரீடத்துக்கு ஒரு வரிசை, வாளுக்கு ஒன்று, வெள்ளிக் காசுக்கும் பொற்காசுக்கும் தலைக்கு ஒன்று, யாழுக்கு, பத்திரத்துக்கு, சரக்குக்கு. அந்த வரிசையிலேயே அடிமைக்கும் ஒன்று. எல்லா வரிசைக்கும் ஒரு ராஜா, ஒரு வசீர், பிறகு ஒன்றிலிருந்து பத்துவரை எண் சீட்டுகள். குலாமுக்கும் ராஜா உண்டு! பத்து அடிமை போட்ட சீட்டு ஒன்பது அடிமையை வெல்லும். அடிமைகளின் ராஜா பத்துப் பேரையும் வெல்வான். ஆட்டம் நடந்த கூடத்தில் விசிறி பிடித்து நின்றானே நிஜ குலாம், அவன் எந்தக் கையிலும் உட்காரவில்லை. கட்டுக்குள் இருப்பது வேறு, ஆட்டத்தில் உட்காருவது வேறு. இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் இக்கட்டுரை நெடுக இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

‘சீட்டாட்டம் பற்றியெல்லாம் எழுத வேண்டுமா?’ என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். நம்முடைய பண்பாட்டு விமர்சனம் சினிமாவைப் பார்த்தது, பாடநூலைப் பார்த்தது, வாரப் பத்திரிகையின் நகைச்சுவைத் துணுக்கைக்கூட விடவில்லை. பதினைந்து வயதுப் பையன் மணிக்கணக்கில் கலைத்துப் போடும் அட்டையை மட்டும் அது தொடவில்லை. வெறும் விளையாட்டுதானே என்று விட்டுவிட்டோம். ஆனால் விளையாட்டு என்பது விதிகளால் ஆன ஒரு பிரதி. கதையைப் படிப்பவன் அதை நம்பாமலும் இருக்கலாம். ஆட்டத்தில் உட்கார்ந்தவனோ விதியை ஒப்புக்கொண்டால்தான் சீட்டையே எடுக்க முடியும். கருத்தியல் இதைவிடச் சௌகரியமாக வேலை செய்ய வேறு இடம் கிடைக்குமா?

இங்கே நான் பேச எடுத்துக்கொள்வது ஒரு குறிப்பிட்ட காரியத்தை: ஏற்கெனவே இருக்கும் ஒரு மாயக்கதைச் சீட்டாட்டத்துக்கு, ஒரு கருப்பொருளை வைத்துப் புதிய சீட்டுகளை வடிவமைத்துச் சேர்ப்பது. இன்று இதை விரிவுத் தொகுப்பு என்கிறார்கள். ஏதோ அமெரிக்கக் கம்பெனி கண்டுபிடித்ததுபோலப் பேச்சு. நம் துணைக்கண்டத்தில் இதற்கு 400 வருஷத்துக்கு மேல் வயது.

பாபர் 1527இல் சிந்து தேசத்துக்கு ஒருவருக்குக் கஞ்சீபாச் சீட்டு அனுப்பியதாகத் தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். அவருடைய பேரன் காலத்து நூலான ‘அயினி அக்பரி’யில் அபுல் ஃபசல் 12 வரிசை, 144 சீட்டு கொண்ட ஒரு கட்டை விவரிக்கிறார். குதிரைகளின் தலைவன் அசுவபதி, யானைகளின் தலைவன் கஜபதி, காலாட்படைக்கு நரபதி, கோட்டைக்கு, செல்வத்துக்கு, கப்பலுக்கு, ஜின்களுக்கு, காட்டு விலங்குகளுக்கு, கடைசியில் பாம்புகளுக்கு அஹிபதி. உலகத்தையே 12 ஆட்சிகளாக வெட்டி ஒரு உள்ளங்கையில் அடக்கியாயிற்று. அக்பர் இந்தச் சீட்டுகளைத் திருத்தினார் என்றும் அதே நூல் சொல்கிறது. வரி வசூலைத் திருத்திய கையே சீட்டையும் திருத்துகிறது. எதை எண்ணலாம், எது எதற்கு மேலே என்று முடிவு செய்வது இரண்டுக்கும் பொது.

பிறகு வந்தது தசாவதாரக் கட்டு. 10 வரிசை, 120 சீட்டு. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியிலும் வங்கத்தின் பிஷ்ணுபூரிலும் ஒரிசாவிலும் வரைந்தார்கள், ஆடினார்கள். பகலில் ராமன் சீட்டை வைத்திருப்பவர் ஆட்டத்தைத் தொடங்குவார், இரவில் கிருஷ்ணன் சீட்டை வைத்திருப்பவர். சட்டகம் பழையதுதான்: ஒரு ராஜா, ஒரு மந்திரி, பத்து எண். தோல் மட்டும் வைணவம். குலாம் காணாமல் போனான். மீன், ஆமை, பன்றி வந்தன. வாமனனுக்கு ஒரு முழு வரிசை உண்டு. பலிக்கென்று வரிசை கிடையாது. இந்த இடத்தில் எனக்கு பூலேயின் ‘குலாம்கிரி’ ஞாபகம் வராமல் இருக்க வழியில்லை. 1873இல் வந்த அந்த நூல் மச்சம், கச்சம், வராகம், நரசிம்மம், வாமனம், பரசுராமன் என்று அவதாரங்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு படையெடுப்பின் கதையாகத் திருப்பிப் போடுகிறது. பலி அதில் மக்களின் அரசன். பூலே சீட்டாடினாரா என்பது நமக்கு முக்கியமில்லை. அதே வரிசைகளைத் தலைகீழாகக் கலைத்துப் போட்டவர் அவர். தலைப்பிலேயே கட்டிலிருந்து தொலைந்துபோன குலாம் திரும்பி வந்து நிற்கிறான்.

விரிவுத் தொகுப்பு என்ற வேலையை ஒரு பித்துபோலச் செய்தவர் மைசூரின் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868). திப்பு வீழ்ந்த 1799இல் ஐந்து வயதுக் குழந்தையாகச் சிம்மாசனத்தில் உட்கார வைக்கப்பட்டவர். 1831இல் நிர்வாகத்தைக் கும்பெனி எடுத்துக்கொண்டது. பட்டம் மட்டும் மிச்சம். அவர் பெயரில் அமைந்த ‘ஸ்ரீதத்துவநிதி’ ஒன்பது நிதிகளாகப் பிரிந்த பெரும் தொகுப்பு. தெய்வங்களுக்கு உருவ இலக்கணம் சொல்வது. அதன் கடைசி நிதியான ‘கௌதுக நிதி’ விளையாட்டுகளுக்கு. அங்கே ‘சாட்’ என்ற பெயரில் 13 சீட்டாட்டங்கள். சாமுண்டேஸ்வரி சாட் என்பதில் 16 வரிசை, வரிசைக்கு 20, ஆக 320 சீட்டு. ஜகன்மோகன சாட் 360. நவக்கிரகத்துக்கு ஒரு கட்டு, பஞ்ச பாண்டவருக்கு ஒரு கட்டு. பம்பாயில் வாழ்ந்த ஜெர்மானியரான ருடால்ஃப் ஃபான் லைடன் இவற்றைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தார். இந்தியச் சீட்டுகள் பற்றிய அவர் நூல் 1982இல் வந்தது.

நாடு கையை விட்டுப் போன ஒரு அரசர் 360 சீட்டில் நாடு கட்டுகிறார் என்று பரிதாபப்படலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. மேலே எத்தனை தெய்வம் வேண்டுமானாலும் சேர்க்கலாம், வரிசை கூடும், யானை, குதிரை, சேவகன் என்று படிநிலை இன்னும் நுணுக்கமாகும். ஆட்டத்தின் அடிப்படையை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதுதான் விரிவின் சாமர்த்தியம். பன்மை பெருகப் பெருக மையம் கெட்டிப்படுகிறது. (பன்மை என்று எழுதியதும் உடனே கைதட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு. கொஞ்சம் நிதானிக்கலாம்.) அந்த மன்னரின் பெருங்கட்டுகள் அரண்மனையைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. 360 சீட்டைக் கையில் பிடிக்க யாரால் முடியும்?

இனி 1993. அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்ற சிறிய கம்பெனி ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர். ஆடுகிற இருவரும் மந்திரவாதிகள். ஆளுக்கு ஒரு கட்டு. அதைத் தாமே பொறுக்கிச் சேர்த்துக்கொள்வார்கள். சீட்டுகள் ஒட்டிய உறைகளில் விற்கப்படும், உள்ளே என்ன என்று தெரியாது. 15 சீட்டு உறையில் ஒன்றுதான் அரியதாக அன்று இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2003 தடைவரை தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைச் சுரண்டிய விரல்களுக்கு இந்த ருசி தெரியும்.

அதே வருஷம் டிசம்பரில் முதல் விரிவுத் தொகுப்பு வந்தது. பெயர் ‘அரேபிய இரவுகள்’. உலகின் முதல் சேகரச் சீட்டாட்டத்துக்குக் கூடுதல் உலகம் ஒன்று தேவைப்பட்டதும் கை நீண்டது கீழைத்தேயத்தை நோக்கித்தான். எட்வர்ட் சயீத் படித்தவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது. அலாவுதீன், அலிபாபா, சிந்துபாத், ஒட்டகம், பாலைவனம், பாக்தாத் கடைத்தெரு. அந்தக் கடைத்தெருச் சீட்டை இறக்கினால் இரண்டு சீட்டு எடுத்துக்கொண்டு மூன்றை எறிய வேண்டும். பாக்தாதில் பேரம் பேசினால் நஷ்டம்தான்! 1991 ஜனவரியில் அந்த நகரத்தின் மேல் குண்டு பொழிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து முடித்த மூன்றாம் வருஷம் இது.

ஆனாலும் கார்ஃபீல்டைச் சும்மா தள்ளிவிட முடியாது. அத்தொகுப்பில் ‘ஷாராசாத்’ என்று ஒரு சீட்டு. அதை இறக்கினால் நடக்கும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, மிச்சச் சீட்டுகளை வைத்து உள்ளே இன்னொரு ஆட்டம் ஆட வேண்டும். உள்ளாட்டத்தில் தோற்றவர் வெளியாட்டத்தில் பாதி உயிரை இழப்பார். கதைக்குள் கதை சொல்லி உயிர்ப்பிச்சை வாங்கிய பெண்ணின் உத்தி இங்கே விதியாகவே ஆகிவிடுகிறது. மைசூர் மன்னர் 13 கட்டிலும் செய்யாத காரியம் இது: தோலை மாற்றாமல் எலும்பை மாற்றுவது. நேரம் இழுக்கிறது என்று 2007இல் போட்டிகளில் அந்தச் சீட்டைத் தடை செய்துவிட்டார்கள். அவளுக்கு அங்கேயும் நேரம் கொடுக்கவில்லை.

வடிவமைப்பில் ஒரு பிரச்சினை எழுந்தது. புதுத் தொகுப்பின் சீட்டு முதுகு வேறு நிறத்தில் இருப்பதாகத்தான் முதல் திட்டம். முதுகு வேறானால் எல்லோருக்கும் தெரிந்துபோகும், பழைய சீட்டோடு கலக்க முடியாது. கடைசி நேரத்தில் முதுகை ஒன்றாக்கினார்கள். சமத்துவம்! ஆனால் முகப்பில் ஒரு சின்ன முத்திரை விழுந்தது: வளைந்த வாள். அதே தொகுப்பில் ‘புட்டிக்குள் நகரம்’ என்று ஒரு சீட்டு சேர்க்கப்பட்டது. அது மேசைக்கு வந்தால் அரேபிய இரவுகளின் சீட்டுகள் அத்தனையும் வெளியேற வேண்டும், புதிதாக எதுவும் இறங்கவும் முடியாது. சேர்க்கும்போதே வெளியேற்றும் விதியையும் சேர்த்து அச்சடித்தார்கள். முதுகெல்லாம் ஒன்று, முகத்தில் ஒரு குறி, தேவைப்படும்போது குறியுள்ளவர்கள் வெளியே. சேரியிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஒரே சீருடையில் போய் வந்தவர்களுக்கு இந்த விதி புரிய அரை நிமிஷம் ஆகாது.

பத்து வருஷம் கழித்து, 2003 ஏப்ரலில், அமெரிக்க ராணுவமே ஈராக்குக்கென்று ஒரு கட்டு போட்டது. 55 சீட்டு. தேடப்படும் 52 பேர். சதாம் உசேன் ஸ்பேட் ஆஸ். கற்பனைத் தொகுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வாதிடலாம். ஒரு தேசத்து ஆட்களைச் சீட்டாக்கி, எண் போட்டு, ஒவ்வொன்றாக எறிவது எப்படி என்று இளைஞர்களின் கை முன்பே பழகியிருந்தது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

2020 ஜூனில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிந்தைய கொந்தளிப்பில், அதே கம்பெனி ஏழு சீட்டுகளை இனவாதம் கொண்டவை என்று ஒப்புக்கொண்டு நீக்கியது. அவற்றில் இரண்டு அரேபிய இரவுகளைச் சேர்ந்தவை: ‘ஜிகாத்’, ‘கல்லெறியும் பிசாசுகள்’. பாலஸ்தீனச் சிறுவர்கள் டாங்கிக்கு எதிரே கல்லோடு நின்றதை உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் அச்சான சீட்டு பின்னது. நீக்கப்பட்ட இன்னொன்று 1994ஆம் வருஷத்துத் தொகுப்பில் வந்த ‘பிரதேஷ் ஜிப்சிகள்’. பிரதேஷ் என்றால் வெறும் பிரதேசம். எந்தப் பிரதேசம் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஓசை இந்தியாவாக இருந்தது, போதும்.

பிறகு திருந்தினார்கள் என்றும் சொல்ல வேண்டும். 2016இல் வந்த ‘கலாதேஷ்’ இந்தியச் சாயலில் கட்டிய கற்பனை உலகம். பித்தளை வேலைப்பாடு, கண்டுபிடிப்பாளர்கள், திருவிழாக் கூட்டம், புடவைச் சாயலில் உடைகள். மிகுந்த மரியாதையோடு வரைந்திருக்கிறார்கள். பார்க்க அழகு. சாதி என்கிற ஒன்று அங்கே கிடையாது. இயந்திரங்களின் ஆற்றலை உறிஞ்சித் தின்னும் கிரெம்லின் என்ற பிராணிகள் உண்டு. ஒழிக்கப்பட வேண்டிய பூச்சிகளாக. அவமதிப்பை நீக்கினால் சாதி இல்லாத இந்தியாதான் மிஞ்சுகிறது என்றால், அந்த மரியாதை யாருக்குச் செய்யப்பட்டது?

சரி, நம் ஊருக்கு வருவோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் 1990களிலும் அடுத்த பத்து வருஷத்திலும் பையன்கள் கையில் இருந்தது மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு. உயரம், எடை, ராங்க் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய எண் வைத்தவன் சீட்டைப் பிடுங்கிக்கொள்வான். ராங்கில் மட்டும் சின்ன எண் பெரியது. இந்தத் தலைமுறையின் சிலர் இப்போது தாமே சீட்டு வடிவமைக்கிறார்கள். பொறியியல் முடித்துவிட்டு, வேலைக்கு அலைந்துகொண்டே படம் வரையும் நாலைந்து பேர், திண்டிவனத்தில் ஒரு மாடி அறையில். அவர்களிடம் ஒரு மாயக்கதைச் சீட்டாட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ‘செஞ்சித் தொகுப்பு’ என்று ஒரு விரிவு. “கூத்துப் பேரெல்லாம் சரியான்னு பாருங்கண்ணே, நீங்க தமிழ் எம்.ஏ. ஆச்சே” என்று பட்டியலைக் கொடுத்தார்கள்.

செஞ்சியைக் கருப்பொருளாக்குவது சாதாரணமில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது, ‘மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்’ என்ற 12 கோட்டைத் தொகுப்பில் ஒன்றாக. தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். அதுவும் ஒரு விரிவுத் தொகுப்புதான்! நாயக்கர், பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1714இல் செத்த தேசிங்கு, நவாபு, பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறிய கோட்டைக்கு எந்த முத்திரையைக் குத்துவது என்பது கருப்பொருள் தேர்வு.

ஆனால் செஞ்சிச் சீமைக்கு வேறொரு விரிவின் சரித்திரம் உண்டு. மேலச்சேரியை ஆதி தலமாகக் கொண்டு பரவிய திரௌபதி வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய நூல்களில் எழுதினார். வியாசனின் பாரதம் மூலக் கட்டு என்று வைத்துக்கொண்டால், இந்தக் கிராமங்கள் அதில் சேர்த்த சீட்டுகள் அபாரமானவை. வடமொழியில் எட்டாம் நாள் போரில் செத்துப்போகும் சின்னப் பாத்திரம் அரவான். தமிழில் 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரிலேயே அவனுக்குக் களப்பலி வந்துவிடுகிறது. இன்று கூவாகத்தில் (2019 வரை விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி) திருநங்கையர் அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு தாலி அறுக்கிறார்கள். போத்துராஜா என்று ஒருவன், கையில் வெட்டிய தலையோடு நிற்பவன். கிருஷ்ணன் கிழவி வேஷம் போட்டு அவனை ஏமாற்றுகிறான், பிறகு பாண்டவர் வீட்டுத் தங்கை சங்குவதியை அவனுக்குக் கட்டித் தருகிறார்கள். எந்தச் சமஸ்கிருத ஏட்டிலும் இல்லாத தங்கை. அப்புறம் முத்தால் ராவுத்தன். முஸ்லிம். திரௌபதிக்குக் காவல். கோயிலுக்கு வெளியே நிற்பான். அவனுக்குச் சாராயம், சுருட்டு, கோழி.

இவையெல்லாம் வெறும் அலங்காரமாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ராவுத்தனைச் சேர்த்ததும் படையலின் முறை மாறுகிறது, வாசலின் அர்த்தம் மாறுகிறது. ஷாராசாத் சீட்டைப் போல எலும்பைத் தொடும் விரிவு இது. அதைச் செய்தவர்கள் பெயர் தெரியாத கூத்தாடிகளும் பூசாரிகளும்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் ‘நம் மண்ணின் மத நல்லிணக்கம்’ என்று ஒரு சொற்பொழிவு கிடைக்கும். மேல்பாதி அதை விடாது. விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் தோற்று, ஜூன் 7ஆம் தேதி அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி பூசாரி மட்டும் உள்ளே போய்ப் பூசை செய்யத் திறந்தார்கள். 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள். மறுதரப்பு அன்று பெரும்பாலும் வரவில்லை. துலுக்க ராவுத்தனுக்குக் கதையில் இடம் கொடுத்த அதே வழிபாடு, பக்கத்துத் தெருக்காரனுக்கு வாசலைக் கொடுக்கவில்லை. குலாம் வரிசை ஞாபகத்துக்கு வருகிறது.

இந்தக் கண்ணோடு அந்தப் பையன்களின் பட்டியலைப் பார்த்தேன். 54 பெயர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலையும் நிலச் சீட்டு. தேசிங்கு இருக்கிறான், அவன் முஸ்லிம் சிநேகிதன் இருக்கிறான், குதிரை இருக்கிறது. இருளர் ஒருவர் இருக்கிறார்: பாம்பு பிடிப்பவர், இறக்கினால் விஷம் நீங்கும். இதே திண்டிவனத்தை மையமாக வைத்து 1990களிலிருந்து இருளர்கள் சங்கமாகச் சேர்ந்து பொய்த் திருட்டு வழக்குகளுக்கு எதிராகவும் கொத்தடிமை முறைக்கு எதிராகவும் நின்றிருக்கிறார்கள். அந்தச் சக்திக்குச் சீட்டு இல்லை. பறையும் இருக்கிறது, ‘ஆயுதம்’ என்ற வகையில். அடித்தால் உன் வீரர்கள் எல்லோருக்கும் இரண்டு பலம் கூடும். படத்தில் பறையும் இரண்டு கைகளும் மட்டும்.

“ஆள் எங்கப்பா?” என்றேன்.

“ஆள் வந்தா சாதி வந்துரும்ணே. அதான் கையோட நிறுத்திட்டோம்” என்றான் வரைந்தவன். அவனே சேரிப் பையன். அவன் சொன்னதில் கள்ளம் இல்லை. கலாதேஷை வரைந்தவர்களுக்கும் இதே யோசனைதான் தோன்றியிருக்க வேண்டும். கட்டில் ஆளைப் போட்டால் எண் போட வேண்டும், எண் போட்டால் ஒருவன் இன்னொருவனுக்குக் கீழே போவான். போடாவிட்டால் அவன் கை மட்டும் எல்லோருக்கும் வேலை செய்யும். ராத்திரி பதினொரு மணிவரை இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

ராவுத்தன் விஷயத்தில் மட்டும் ஒரு மாற்றம் நடந்தது. அவனுக்குத் தாக்குதல் நான்கு, தற்காப்பு ஐந்து என்று எண் கொடுத்திருந்தார்கள். எண்ணை எடுத்துவிட்டு, அவன் சீட்டைக் கட்டில் கலக்காமல் மேசை ஓரத்தில் வைக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். அவன் யாருடைய ஆளும் இல்லை. இரண்டு பேரும் தங்கள் கையிலிருந்து ஒரு சீட்டை அவனுக்குப் படைத்த பிறகுதான் போர் தொடங்கலாம். இந்த விதியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் துரியோதனன் பக்கம் படைக்கச் சீட்டில்லாமல் மாட்டிக்கொண்டது. பறைச் சீட்டு முடிவாகவில்லை. படத்தில் முகம் வர வேண்டும் என்று இரண்டு பேர், அந்த முகம் தானாகவே ஒரு கையை நடத்தும் ஆட்டக்காரனாக வர வேண்டும், சீட்டாகவே வரக்கூடாது என்று வரைந்தவன். அதனால் சிவகாசிக்கு அச்சுக்கு அனுப்புவதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.